முயலுக்கு அடைத்த வேலி

மார்ச் 4, புதன்

பனி. காலை 6.10. பயற்றங்காய்ப் பாத்தி பார்த்தேன். நட்டது நாற்பது. நிற்பது இருபத்தாறு. மற்றதெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி, அடியோடு.

தவம் பின்னால் வந்து நின்றாள். "ஐயோ, ஆர் இதைக் கடிச்சது?" அழுகை. நேற்றும் இதே கேள்வி, இதே அழுகை. முந்தநாளும். எனக்குப் பழைய செய்தி. அவளுக்கு ஒவ்வொரு காலையும் புதிது.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் டொக்டர் அவள் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மறதி நோய், கூடிக்கொண்டுதான் போகும் என்றார். கூடுகிறது. எங்கள் மகளின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆனால் பாத்தி கட்டக் கை மறக்கவில்லை. விதை போட மறக்கவில்லை. பாத்தியில் நிற்கும்போது மட்டும் பழைய முகம். அதையும் ஒரு சனியன் தின்றுகொண்டிருக்கிறது.

எந்தச் சனியன்? பக்கத்து வீட்டு ராணி முயல் என்கிறாள். தேத்தண்ணிக் கடையில் மயில் என்று சத்தியம் செய்கிறார்கள். கனடாவிலிருந்து மகள் சுகி போனில் பார்த்துவிட்டு, "நத்தையோ அப்பா?" நத்தை! பாத்தி ஓரம் உருண்டைப் புழுக்கை கிடந்தது. ஆட்டினுடையது என்றால் ஆடு எங்கே? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முடிவு: வேலி. பழைய ஓலை வேலி உக்கிப்போய், அடியில் கை நுழையும் ஓட்டைகள். நான்கு பக்கமும் பிடுங்கிப் புதிதாக.

தேவை:
பனையோலை
வரிச்சு மட்டை (ஓலைக்குக் குறுக்கே வைத்துக் கட்ட)
நைலோன் கயிறு
அடியில் புதைக்கப் பழைய மீன்வலை (ஊர்காவற்றுறையில் கேட்க)
குத்தூசி, எங்கேயோ கிடக்கிறது
ஆள்

த. மாத்திரை இரவு இரண்டு, மறக்க வேண்டாம். என் சீனி 168.

மார்ச் 5, வியாழன்

ஆள் இல்லை. எங்கள் ஊர் சரவணையில் வேலி அடைக்க என்றால் சின்னத்துரைதான். அவன் அனலைதீவில் ஒரு தோட்டத்துக்கு வேலி அடைக்கிறானாம். போனில், "ஐயா, ஒரு பத்து நாள் பொறுங்கோ, வந்து நானே வடிவாச் செய்து தாறன்."

பத்து நாளில் பாத்தியில் மண்தான் மிஞ்சும். நானே செய்வேன். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் ரைம்கீப்பர். அத்தனை பஸ்ஸையும் நேரத்துக்கு வெளிக்கிடுத்தியவனுக்கு ஒரு வேலி என்ன பெரிய வேலை?

பின்னேரம் பழைய வேலி பிடுங்கினேன். தும்மல், தூசி, ஒரு பூரான். பிடுங்கிய ஓலையைக் குசினிக்குப் பின்னால், முருங்கைக்குக் கீழே, போன வருடத்துக் குவியலின் மேலேயே போட்டேன். எறிவதில்லை. மழைக்கு முன் பாத்திக்குள் தாட்டால் நல்ல பசளை, ஊரில் எல்லாரும் செய்வதுதான்.

தவம் குறுக்கே வந்து நின்றாள்.

"அங்கை போடாதையுங்கோ."

"ஏனப்பா?"

"அங்கை ஆக்கள் இருக்கினம்."

ஆட்கள். முருங்கைக்குக் கீழே. சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் உள்ளே போனபின் போட்டேன். வேறு எங்கே போடுவது?

மார்ச் 7, சனி

8 மணிக்கே வெயில் சுட்டது. ஓலை நேற்று உழவு மெசினில் வந்தது. மிதித்து அடுக்கிப் பாரம் வைத்தது, நல்ல ஓலை. குத்தூசி சாமி அறைப் பரணில் இருந்தது. முழ நீள மர ஊசி, நுனியில் கண்.

இப்போதுதான் தெரிகிறது. இது ஒரு ஆளின் வேலை இல்லை. வெளியே நிற்பவன் கயிறு கோத்த ஊசியை ஓலைக்குள்ளால் குத்த வேண்டும். உள்ளே நிற்பவர் கயிற்றை இழுத்து, வரிச்சுக்கு மறுபக்கத்தால் திருப்பிக் குத்த வேண்டும். எனக்கு உள்ளே யார்? குத்தினேன், படலையால் உள்ளே ஓடினேன், இழுத்தேன், திருப்பிக் குத்தினேன், வெளியே ஓடினேன். பதினான்கு கட்டு. இருபத்தெட்டு ஓட்டம். கெண்டைக்கால் பிடித்தது. செருப்பு வார் அறுந்தது. வழியால் போன ஒருத்தர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "ரைம்கீப்பர் அண்ணை, பஸ் போயிட்டுதோ?" என்றார். சிரிக்கட்டும்.

பதினைந்தாவது கட்டு. ஊசியைக் குத்திவிட்டு ஓடத் திரும்பினேன். ஊசி தானாகத் திரும்பி வந்தது.

நின்றுவிட்டேன். பிடித்து முடிச்சுப் போட்டேன். அடுத்ததைக் குத்தினேன். திரும்பி வந்தது. சரியான இடத்தால், கயிறு முறுகாமல். ஓலைக்கு அங்காலே சீலை நிறம்.

"தவம்?"

நான் குத்தாமல் நின்றதும் அங்கிருந்து குரல்: "என்ன சின்னத்துரை, நித்திரையோ? இறுக்கிக் கட்டும்."

முதலில் பகிடி என்று நினைத்தேன். சிரித்தும் விட்டேன். அங்காலே சிரிப்பு இல்லை.

இருபத்தொன்பது கட்டு போட்டோம். நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைத்தால் ஊசி நின்றுவிடுமோ என்று பயம்.

பிறகு யோசித்தேன். ஒவ்வொரு வருடமும் வெளியே சின்னத்துரை, உள்ளே தவம். அப்படித்தான் இந்த வீட்டு வேலி அடைபட்டிருக்கிறது. நான் டியூட்டியில். முப்பது வருட வேலியில் ஒரு கட்டுக்கூட என்னுடையது இல்லை. அப்போ ஓலைக்கு அந்தப் பக்கம் நிற்பது சின்னத்துரையாகத்தானே இருக்க வேண்டும்? அவள் கணக்குச் சரி. என் கணக்குத்தான் எங்கேயோ பிழை.

மார்ச் 8, ஞாயிறு

10.20. ஓலையை விலக்கி ஒரு கை நீண்டது. "சின்னத்துரை, தேத்தண்ணியைப் பிடியும்."

அந்தத் தகரப் பேணி. வேலைக்கு வருபவர்களுக்கென்று குசினி யன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைத்திருப்பது. சின்னத்துரை முப்பது வருடம் அதில்தான் குடித்தவன். விளிம்பு நெளிந்து, உதட்டை வெட்டுகிறது. அது வெட்டும் என்று எனக்கு இன்றுதான் தெரியும். அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல நாங்கள் விட்டிருப்போமா என்றும் தெரியவில்லை.

தேத்தண்ணியில் சீனி. மூன்று கரண்டி இருக்கும். எனக்குச் சலரோகம் வந்து பதினொரு வருடம். வந்த நாளிலிருந்து அவள் எனக்கு ஒரு பொட்டுச் சீனி போட்டதில்லை. கலியாண வீட்டிலும் பின்னால் நின்று என் கிளாஸை மணந்து பார்ப்பாள். சண்டை பிடித்திருக்கிறேன், கெஞ்சியும் இருக்கிறேன், அசையமாட்டாள். என்னை யாரென்று தெரியாமல் போன பிறகுதான் எனக்குச் சீனி கிடைக்கிறது.

குடித்தேன். நல்ல ருசியாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் சோறு போடும்போது நான் அவளுடைய "இஞ்சாருங்கோ"தான். கதிரையில் இருந்தால் புருஷன், வேலிக்கு வெளியே நின்றால் சின்னத்துரை. இதற்கு டொக்டரிடம் ஒரு பெயர் இருக்கும்.

பின்னேரச் சீனி 231.

மார்ச் 9, திங்கள்

அடிவரிச்சு மூன்று பக்கம் முடிந்தது. கீழே மீன்வலை, ஒரு சாண் ஆழம் புதைத்தேன். மிச்சம் கிழக்கு, ராணி வீட்டுப் பக்கம்.

அங்கேதான் பொட்டு. ஆள் குனிந்து போகிற அளவு வழி. ராணியின் தாயும் தவத்தின் தாயும் இருந்த காலத்திலேயே உண்டு. தவம் ஒவ்வொரு நாளும் பத்து மணி போல் அதால் போய், கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். பெண்களின் பாதை. நான் அதால் ஒருநாளும் போனதில்லை, தலை இடிக்கும்.

யோசித்தேன். மூன்று பக்கமும் வலை புதைத்துவிட்டு இதைத் திறந்து வைத்தால் முயலுக்குக் கம்பளம் விரித்த மாதிரி. அடைத்தேன். ஓலை வைத்துக் கட்டிக்கொண்டிருக்க ராணி அங்காலே வந்து நின்றாள். கையில் மா பிசைந்தபடி.

"என்ன அண்ணை, பொட்டை அடைக்கிறியள்?"

"முயல் இதாலதான் வருது ராணி."

"எங்கட வளவுக்கை முயல் வளக்கிறமோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை."

"நாங்கள் ஏதும் பிழையாக் கதைச்சனாங்களோ? அக்கா ஏதும் சொன்னவவோ?"

"ஐயோ ராணி, முயலுக்குத்தான்!"

நம்பவில்லை. எப்படி நம்புவாள்? இந்த ஊரில் பொட்டை அடைத்தால் கோவம் என்றுதான் அர்த்தம். காணிச் சண்டையில் அடைப்பார்கள், கலியாணம் குழம்பினால் அடைப்பார்கள். முயலுக்கு அடைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். "அப்ப அக்கா எப்பிடி வருவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அதை யோசிக்கவே இல்லை. றோட்டால் வரலாம்தானே?

சுகி எடுத்தாள். பொட்டு அடைத்ததைச் சொன்னேன். "நல்ல வேலை அப்பா. இனி அம்மா வெளியில போக ஏலாது." அதற்காக அடைக்கவில்லை என்றேன். "எதுக்கோ, அடைச்சதுதானே" என்றாள்.

எதுக்கோ.

மார்ச் 10, செவ்வாய்

6.05. இன்னும் ஒன்பது கன்று போய்விட்டது.

நான்கு பக்கமும் அடைத்தாயிற்று. வலை அப்படியே. படலைக்குக் கீழே பலகை. சுற்றி வந்து ஒவ்வொரு முழமாகப் பார்த்தேன். எலி நுழையவும் இடமில்லை. பிறகு எப்படி? மயில்தானோ? பறந்து வருகிறதோ? மயில் என்றால் புழுக்கை யாருடையது? நத்தை... சீச்சீ.

தவம் அழுதாள். புதிதாக. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு மெதுவாக, "உள்ளுக்கைதான் இருக்கினம்" என்றாள்.

"ஆர்?"

"அவவும் ரெண்டு பிள்ளையளும்."

எங்களுக்கு ஒரு பிள்ளைதான். யாரைச் சொல்கிறாள்? அவளுடைய தாயும் இவளும் தங்கையுமா? கேட்டால், "நீங்கள் ஓலையைப் போட்டு மூடிப்போட்டியள்" என்று கோவம். தோளைத் தட்டி மாத்திரை கொடுத்தேன். நோய் கூடுகிறது என்று சுகிக்கு எழுத வேண்டும்.

பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவினேன், அடி பதியட்டும் என்று. பின்னேரம் காற்று எழும்பி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. என் வேட்டிதான் கறுப்பு.

மார்ச் 11, புதன்

ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

9.50 குளித்தேன். 10.05 வெளியே வந்தேன். தவம் இல்லை. குசினியில் இல்லை. பாத்தியில் இல்லை. பொட்டு இருந்த இடத்தில் ஓலை கிழிந்து கிடந்தது. நகத்தால் பிராண்டியிருக்கிறாள். ஒரு ஓலைத் தும்பில் இரத்தம். படலை திறந்தபடி.

ராணியிடம் ஓடினேன், றோட்டால். "இஞ்சை வரேல்லை அண்ணை. ஐயோ, பொட்டை அடைச்சியளே." அவள் கிழக்கே ஓடினாள், நான் மேற்கே. கிணறுகள் பார்த்தோம். ஒவ்வொரு கிணற்றிலும் குனியும்போது என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன்.

10.55 போன். எங்கள் டிப்போவில் முன்பு வேலை செய்த கொண்டக்டர், இப்போது குறிகட்டுவான் பஸ்ஸில். "அண்ணை, பயப்பிடாதையுங்கோ. அக்கா என்னோடைதான். சரவணைச் சந்தியில ஏறினவ. ரிக்கற்றுக்கு எங்கை எண்டு கேட்டன், ராணி வீட்டை எண்டா. எந்த ராணி எண்டன், பொட்டாலை போற ராணி எண்டா. விளங்கேல்லை. இறக்கிவிட மனமில்லாமல் கடைசி மட்டும் கொண்டந்திட்டன்."

12.10 பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கடதாசிச் சரை கடலை. குறிகட்டுவான் இறங்குதுறையில் வாங்கிக் கொடுத்து, நிழலில் இருத்தி வைத்திருந்தார்களாம். என்னைப் பார்த்து, "வழியை அடைச்சுப்போட்டாங்கள்" என்று முறையிட்டாள். அடைத்தவனிடமே. நகக் கண்ணுக்கு மருந்து போட்டேன். "ஆர் அடைச்சது?" என்று நானும் கேட்டேன். வேறு என்ன கேட்பது?

பஸ் நேரத்துக்கு வந்தது என்பதையும் கவனித்தேன். பழக்கதோஷம்.

மார்ச் 12, வியாழன்

படலைக்கு ஆமைப்பூட்டு. திறப்பு என் அரைஞாணில்.

சுகிக்கு ராணி சொல்லிவிட்டாள். வீடியோவில் அழுகை. யாழ்ப்பாணத்தில் ஒரு இல்லம் இருக்கிறதாம், கேற், காவல், தாதிமார், எல்லாம். விசாரித்துவிட்டாள். "அப்பா, இன்னொருக்கா இப்பிடி நடந்தா அம்மாவை அங்கை விடுறது. நீங்களும் சம்மதிக்கோணும்."

ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன்? தெரியவில்லை. அவள் அழுதால் எனக்கு யோசனை ஓடாது, சின்ன வயதிலும் அப்படித்தான்.

வேலியைச் சுற்றி நடந்தேன். நல்ல வேலி. நான் முயலுக்கு அடைத்தது. ராணிக்கு அது கோவத்துக்கு அடைத்தது. சுகிக்கு அம்மாவுக்கு அடைத்தது. தவத்துக்கு? இன்று முழுக்க அவள் வேலி ஓரமாகவே நடந்தாள், ஓலையில் கையை வைத்துத் தடவிக்கொண்டு. பத்து மணிக்கு மட்டும் பொட்டு இருந்த இடத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் இல்லை. 10.02 முதல் 10.47 வரை.

கன்று இன்னும் மூன்று போய்விட்டது. கோதாரி.

மார்ச் 13, வெள்ளி

தலைவரிச்சு கட்ட வேண்டும். வடக்கு, றோட்டுப் பக்கம். நான் றோட்டில், படலை பூட்டி, தவம் உள்ளே. ஊசி போய் வந்தது. காற்று இல்லை. வேர்வை கண்ணுக்குள்.

நாலைந்து கட்டுக்குப் பிறகு அவளாகவே தொடங்கினாள்.

"சின்னத்துரை, உமக்குப் பெண்சாதி சுகமோ?"

"ஓம்." என் குரல் எனக்கே பிடிபடவில்லை.

"எனக்குத்தான் சுகமில்லை. மண்டைக்குள்ளை ஒண்டும் நிக்குதில்லை."

ஊசியைக் குத்தினேன். வந்தது. எட்டு மாதம் இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

"ஐயாவுக்குச் சொன்னியளோ?" என்று கேட்டேன். சின்னத்துரை என்னை ஐயா என்றுதானே சொல்வான் அவளிடம்.

"அவரிட்டை எப்பிடிச் சொல்லுறது? அவர் பயந்துபோவார். அந்த மனுசன் பஸ் அஞ்சு நிமிசம் பிந்தினாலே நெஞ்சைப் பிடிக்கிறவர்."

கட்டை இறுக்கினேன்.

"அவருக்கு முன்னாலை அழ ஏலாது. அதுதான் ராணி வீட்டை போறனான். அங்கை குசினிக்கை இருந்து அழுதுபோட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திடுவன். இப்ப அதையும் அடைச்சுப்போட்டுது ஆரோ."

"பாத்தியிலை அழுகிறியள்தானே, கன்றுக்கு?" என்று கேட்டேன். விசர்க் கேள்வி. வாயில் வந்துவிட்டது.

"கண்டுக்கு அழுதால் கன நேரம் அழலாம். அவர் ஒண்டும் கேக்கமாட்டார்."

பஸ் ஒன்று ஹோண் அடித்துக்கொண்டு போனது, எனக்குத்தான். நான் திரும்பவில்லை. ஊசி அங்காலிருந்து வந்து நீட்டிக்கொண்டு நின்றது. பிடிக்க மறந்துவிட்டேன்.

"சின்னத்துரை, நிக்கிறீரோ?"

"நிக்கிறன்."

"ஒரு சின்னப் பொட்டு விடும். அவருக்குச் சொல்லாதையும்."

சரி என்றேன். தேத்தண்ணி வந்தது. நெளிந்த பேணி, மூன்று கரண்டிச் சீனி. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று விழுங்கினேன்.

மார்ச் 14, சனி

படுத்தேனே தவிர நித்திரை இல்லை. கலியாணம் கட்டி நாற்பத்திரண்டு வருடம். என்னிடமிருந்து ஒளித்து அழ ஒரு ஓட்டை வைத்திருந்திருக்கிறாள். கோவமா, வெட்கமா? இரண்டும் இல்லை. என்னவென்றே தெரியவில்லை. நான் அவ்வளவு பயந்த ஆளா? ஓம். பயந்த ஆள்தான். பயம் என்று இந்தக் கொப்பியில்கூட ஒழுங்காக எழுதியதில்லை, வேலி என்றுதான் எழுதியிருக்கிறேன்.

காலை பாத்திக்குள் புதைக்க ஓலை எடுக்கலாம் என்று குவியலுக்குப் போனேன். சும்மா இருக்க முடியாமல்தான். மேல் ஓலை நாலு எடுத்தேன். கீழே போன வருடத்து ஓலை, நடுவில் கோப்பை மாதிரிக் குழி. குழிக்குள் இரண்டு குட்டி. உள்ளங்கை அளவு. கண் திறந்து, காது படுத்து, மூச்சு மட்டும் ஓடுகிறது.

நான் கையை எடுக்கு முன் தாய் முயல் காலுக்குள்ளால் பாய்ந்து போனது. வேலி வரைக்கும். வலையில் முட்டித் திரும்பி, அடுத்த மூலை. அங்கும் முட்டி, அடுத்த மூலை. நான் கட்டிய நல்ல வேலி.

உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். அவவும் இரண்டு பிள்ளைகளும். முயலை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, முயல் வராமல் காவல் இருந்திருக்கிறேன் ஐந்து நாள். அவள் இரண்டு தரம் சொன்னாள். முதல்தரம் தலையாட்டினேன், அடுத்ததரம் மாத்திரை கொடுத்தேன்.

"தவம்! இஞ்சை வாரும்! நீர் சொன்னது சரி!"

வந்து பார்த்தாள். ஆச்சரியமே இல்லை. "ஓலையைத் திருப்பி மூடுங்கோ, பனி படும்" என்றாள். மூடினேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. அவள் பக்கத்தில், பார்த்துக்கொண்டு. ஒளிக்க இடமில்லை, நான்கு பக்கமும் வேலி. அவள் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "முயலுக்கு ஏன் அழுறியள்?" என்று கேட்டாள்.

முயலுக்குத்தான் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

7.30. கத்தியோடு கிழக்கு வேலிக்குப் போனேன். பொட்டை வெட்டித் திறந்தேன். வலையையும் அறுத்தேன். சத்தம் கேட்டு ராணி வந்துவிட்டாள்.

"என்ன அண்ணை, முயல் போயிட்டுதோ?"

"இல்லை. உள்ளுக்கைதான் இருக்கு. போறதெண்டால் போகட்டும் எண்டு திறக்கிறன்."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கும் சுகமில்லையோ அண்ணை?"

எல்லாம் சொன்னேன். குவியல், குட்டி, எல்லாம். வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பிறகு மற்றதைக் கேட்டேன்.

"ஓம் அண்ணை," என்றாள். "ஒவ்வொரு நாளும். பத்து நிமிசம் அழுவா. நான் ஒண்டும் கேக்கிறதில்லை, தேங்காய் திருவுவன். பிறகு முகம் கழுவிப்போட்டு, கண் சிவந்திருக்கோ எண்டு கேப்பா. இல்லை எண்டுவன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லவேண்டாம் எண்டவ."

என்னைச் சுற்றி எத்தனை பேர் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்! நான்தான் நேரம் குறிக்கிறவன்.

10.00. தவம் வேலியைத் தடவிக்கொண்டு வந்தாள். கை வெறுமையில் விழுந்ததும் நின்றாள். குனிந்து போனாள். நான் முருங்கைக்குப் பின்னால். 10.13 திரும்பி வந்தாள். முகம் ஈரம்.

சுகி எடுத்தாள். இல்லம் வேண்டாம் என்றேன். பொட்டையும் திறந்துவிட்டேன் என்றேன்.

"அப்பா, உங்களுக்கு என்ன? அம்மா அதாலை எங்கையும் போயிடுவா!"

"அதாலை போனால் ராணி வீட்டைதான் போவா. அடைச்சாத்தான் குறிகட்டுவான்."

கத்தினாள். நானும் கத்தினேன். முதல்தடவை அவள் அழும்போது நான் ஓம் சொல்லவில்லை. சரியோ பிழையோ தெரியாது. நாளைக்கு ஏதும் நடந்தால் என் தலையில்தான். தெரிந்துதான் சொன்னேன்.

பாத்தியை மட்டும் சுற்றி முழங்கால் உயரத்தில் மிச்ச மீன்வலை. ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

பனி குறைவு. பாத்தி 6.10: பதினான்கு. நேற்றும் பதினான்கு. ஒன்றும் போகவில்லை. தவம் இன்று காலை அழவில்லை. கன்றுகளை எண்ணினாள். பதினாறு என்றாள், விட்டுவிட்டேன்.

தாய் முயல் பொட்டால் போகிறது, வருகிறது. குட்டி இன்னும் குவியலில். ஓலை புதைப்பது தள்ளிவைப்பு.

செய்ய:
புதுச் செருப்பு
த. மாத்திரை முடிகிறது
சின்னத்துரை வியாழன் வருகிறான், வேலியைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்குக் கண்ணாடிக் கிளாஸ் எடுத்து வைக்க

பொட்டின் ஓரம் தும்பு தும்பாக நின்றது, சீலை கிழியும். மடித்துக் கட்டலாம் என்று ஊசியோடு ராணி வளவுப் பக்கம் போய் நின்றேன். பொட்டால்தான் போனேன். தலை இடித்தது. குத்தினேன். கொஞ்சம் பொறுத்து ஊசி திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் எட்டுக் கட்டு. அவள் ஒன்றும் கதைக்கவில்லை. யாரென்று நினைத்துக்கொண்டு நிற்கிறாளோ என்று நானும் கேட்கவில்லை.

10.20 ஓலை ஓரத்தால் கை நீண்டது. அதே நெளிந்த பேணி. வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

சீனி இல்லை.

இன்னொரு வாய். இல்லை. அடியில் கிடக்கும் என்று விரலால் கலக்கிப் பார்த்தேன். கொஞ்சமும் இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தேன். உள்ளே வந்து குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சீனிப் போத்தல் முக்கால்வாசி இருக்கிறது.